இளஞ்சாரதியும் காப்புறுதிக் கட்டணமும்

வீட்டில் ஒரு பிள்ளை 18 வயதெய்திச் சாரதி அனுமதிப்பத்திரமும் பெற்றுவிட்டால், அங்கே புதியதொரு பேச்சுத் தொடங்கிவிடுகின்றது. எந்தக் கார் வாங்குவது, புதியதா பழையதா, பெற்றோலுக்கு மாதம் எவ்வளவு செல்லும் என்றெல்லாம் ஆராய்கின்றனர். காப்புறுதி என்பது இறுதியிலேதான் நினைவுக்கு வருகின்றது. கட்டணத்தைக் கேட்டதும் தந்தையார் திகைக்கின்றார். "எங்கே குறைவோ அங்கே எடுத்துவிடு" என்ற ஒரு சொல்லோடு ஆலோசனை முடிவுறுகின்றது. இம்முடிவு எவ்வளவு தூரம் பொருத்தமானது என்பதையே இவ்வாரம் நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

சட்டம் கேட்பது யாது?

பிரித்தானியாவில் மோட்டார்ச் சாரதிகள் பிறருக்கு விளைவிக்கும் தீங்குக்காகக் காப்புறுதி செய்தே ஆகவேண்டும் என்ற விதி 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தினால் வந்தது. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் அதனையே வற்புறுத்துகின்றது. காப்புறுதிச் சான்றிதழ் இன்றி ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது.

ஆயின், சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாந் தரப்புக் காப்புறுதி ஒன்றையே. நமது வாகனத்தால் வேறொருவர் உயிரிழந்தாலோ காயமுற்றாலோ, அவருக்குரிய நட்டஈட்டைக் கொம்பனி பொறுக்கும். நமது கார் நொருங்கினால் அதற்கு ஒரு சதமும் இல்லை. முழுமையான காப்புறுதியோ நமது வாகனத்தின் சேதம், களவு, தீ முதலியவற்றையும் தாங்கும். முதலாவதன் கட்டணம் சிறியது; இரண்டாவதன் கட்டணம் பன்மடங்கு பெரியது. இளைஞரின் மனம் முதலாவதை நாடுவது இயல்பே.

இங்கு நாம் ஒரு கேள்வி கேட்போம். அந்தக் கார் நாளைக்கே உருக்குலைந்து போனால், மற்றொன்று வாங்க வீட்டில் வசதியுண்டா? உண்டெனில் மூன்றாந் தரப்புப் பத்திரத்தோடு நின்றுகொள்வதிற் குற்றமில்லை. விலை மிகக் குறைந்த பழைய வண்டிக்கு அதுவே அறிவுடைமை. ஆனால் தந்தையாரின் ஓய்வூதியப் பணத்திலோ, தாயாரின் நகையை அடகுவைத்தோ வாங்கிய காரென்றால், முழுமையான காப்புறுதி ஆடம்பரம் ஆகாது. தவணைக் கடனில் வாங்கிய வாகனமாயின், கடன் கொடுத்த நிறுவனமே அதனை வற்புறுத்தும்.

இளைஞருக்கு ஏன் அதிகம்?

காப்புறுதி என்பது பலர் சேர்ந்து இடும் சீட்டுப் போன்றது. எல்லோரும் சிறிது சிறிதாக இட்ட பணத்திலிருந்து, இடருற்ற ஒருவர் எடுத்துக்கொள்கின்றார். எவருக்கு இடர் நேரும் வாய்ப்பு மிகுதியோ, அவரிடம் கூடுதலாகக் கேட்பது கணக்கின் நியாயம். புதிய சாரதி கெட்டவர் அல்லர், பழகாதவர். முன்னாற் செல்லும் பஸ் சடுதியாக நிற்கும் என்பதையும், மழை பெய்த தார் வீதியில் ரயர் வழுக்கும் என்பதையும் அநுபவமே கற்பிக்கின்றது. இரவுப் பயணமும் நண்பர் கூட்டமும் சேர்ந்தால் ஆபத்து மேலும் பெருகும்.

நம் நாட்டிற் கட்டணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வாகனத்தின் பெறுமதியும், அதன் வகையும், பயன்படுத்தும் முறையுமே. ஆயினும் வயதும் அநுபவமும் குறைந்தவர் ஓட்டும்போது நேரும் சேதத்தில் ஒரு பங்கை உரிமையாளரே பொறுக்கவேண்டும் என்ற நிபந்தனையைச் சில பத்திரங்களிற் காணலாம். அந்தச் சிறிய எழுத்துக்களை வாசியாமற் கையொப்பமிடல் ஆகாது.

நேர்வழியிற் குறைக்கும் உபாயங்கள்

முதலாவது, காரைத் தெரிந்தெடுக்கும்போதே காப்புறுதியையும் எண்ணுதல் வேண்டும். உதிரிப்பாகம் எளிதிற் கிடைக்கும் சிறிய எஞ்சின் உடைய கார், வேகத்துக்குப் பேர்பெற்ற காரிலும் நன்று. வாங்குமுன்பே இரண்டு மூன்று கொம்பனிகளிற் கட்டணம் விசாரித்தல் நலம். விசாரிக்கும்போது எல்லோரிடமும் ஒரே பெறுமதியையும் ஒரே காப்பையும் சொல்லிக் கேட்கவேண்டும். இல்லையேல் ஒப்பீடு பயனற்றதாகும்.

இரண்டாவது, சேதத்தின் முதற்பங்கை நாமே ஏற்றல். ஒவ்வொரு விபத்திலும் முதல் 25,000 ரூபாவை நாமே பொறுப்பதாக உடன்பட்டால், கொம்பனி கட்டணத்தைக் குறைக்கக்கூடும். ஆனால் அத்தொகை அவசர வேளையில் நம் கையில் இருக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, நட்டஈடு கோராத ஆண்டுகளுக்குரிய கழிவு. ஆண்டுதோறும் இது படிப்படியாக உயரும். வீதம் கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும். இதனைப் பேணுதலே இளஞ்சாரதி தேடக்கூடிய பெருஞ் சேமிப்பு. ஓர் உதாரணம் பார்ப்போம். கழிவுக்கு முன் கட்டணம் 1,00,000 ரூபா. கழிவு 40 வீதம். ஆகவே செலுத்துவது 60,000 ரூபா. கதவில் ஏற்பட்ட கீறலுக்கு 15,000 ரூபா கோருகின்றோம். அடுத்த ஆண்டு கழிவு 20 வீதமாகக் குறைந்தால் 80,000 ரூபா செலுத்த நேரும். 15,000 ரூபாவைப் பெற 20,000 ரூபாவை இழந்தவராவோம். சிறு சேதத்தை நம் செலவிலேயே திருத்துவது பல வேளைகளில் இலாபமாகும். புதிய வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே கழிவு தரும் கொம்பனிகளும் உண்டு. கோரிக்கை எழுந்தால் அக்கழிவு திரும்ப அறவிடப்படுமோ என்று முதலிற் கேட்டுக்கொள்க.

நான்காவது, தேவையற்ற மேலதிகக் காப்புக்களை நீக்குதல். ஆயினும் கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் என்பவற்றுக்கான காப்பை நீக்குமுன் நம் நாட்டின் வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. வீட்டில் இன்னும் பழகுநராய் இருக்கும் பிள்ளை அக்காரிலேயே பழகுமாயின், பழகுநருக்கான காப்பு சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் உறுதிசெய்தல் வேண்டும்.

மலிவு போலத் தோன்றும் நட்டங்கள்

இனி, விலக்கவேண்டியவற்றைச் சொல்வோம். முதன்மையானது, காரின் பெறுமதியைக் குறைத்துக் காட்டுதல். 60 இலட்சம் பெறுமதியுள்ள காரை 40 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால் கட்டணம் குறையும் என்பது மெய்யே. ஆனால் 6 இலட்சத்துக்குச் சேதம் நேர்ந்தால், பல பத்திரங்களில் உள்ள விகிதாசார விதியின்படி கிடைப்பது 4 இலட்சமே. மிகுதியை நாமே இடவேண்டும். இக்குறை நம்மை அறியாமலும் நேரலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய கார்களின் விலை ஏறிற்று. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழிவிடப்பட்டது. விலைகள் இவ்வாறு அசையும் காலத்தில், ஆண்டுதோறும் பெறுமதியைத் திருத்தாமற் பத்திரத்தைப் புதுப்பித்தல் தகாது.

இரண்டாவது, பெயர் மாற்றாத காரை வாங்குதல். விற்றவரின் கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு வாகனம் கைமாறும் வழக்கம் நம்மிடையே உண்டு. விற்றவரின் பத்திரத்தில் இன்னும் சில மாதம் எஞ்சியிருப்பதைக் கண்டு, இளைஞர் மகிழ்ச்சியோடு ஓட்டத் தொடங்குகின்றார். காப்புறுதி காரோடு ஒட்டிவருவதன்று. அது ஒப்பந்தம் செய்தவரோடு நிற்பது. விபத்து நேர்ந்த அன்றே இவ்வுண்மை விளங்கினால் என்ன பயன்?

மூன்றாவது, சொந்தப் பாவனைக்கென எடுத்த பத்திரத்தோடு காரை வாடகைக்கு ஓட்டுதல். படிக்கும் பிள்ளைகள் மாலையிற் சிறிது பணந்தேட இவ்வாறு செய்வதுண்டு. பயன்படுத்தும் முறை மாறியதைக் கொம்பனிக்கு அறிவியாவிடில், நட்டஈடு மறுக்கப்படலாம்.

இவை யாவற்றுக்கும் அடியில் ஒரு தத்துவம் உண்டு. 1766ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கில், மான்ஸ்பீல்ட் பிரபு அதனை நிலைநாட்டினார். காப்புறுதி செய்பவர் அறிந்ததைக் காப்புறுதி கொடுப்பவர் அறியார். ஆதலால் இருவரும் மறைவின்றி நடத்தல் கடன் என்பதே அது. பத்திரத்திற் பொய் எழுதிக் குறைத்த கட்டணம், குறைந்த கட்டணமன்று. காப்பில்லாத காகிதத்துக்குக் கொடுத்த விலை.

கடல்கடந்த பிள்ளைகளுக்கு

நம் குடும்பங்களிற் பல, பிள்ளைகளைப் பிரித்தானியாவுக்கு அனுப்பியிருக்கின்றன. அங்கே 17 வயதிலேயே கார் ஓட்டலாம். ஆனால் இளைஞரின் கட்டணம் சில வேளைகளிற் பழைய காரின் விலையையே எட்டும். வயது, அநுபவம், குடியிருக்கும் இடம், காரின் தரம் யாவும் அங்கே நிறுக்கப்படுகின்றன. ஆண் பெண் வேறுபாடு மட்டும், ஐரோப்பிய நீதிமன்றின் தீர்ப்பொன்றின் பயனாக, 2012ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதியிலிருந்து நீக்கப்பட்டது.

அங்கே கட்டணத்தைக் குறைக்க நேரிய வழிகள் உண்டு. ஓட்டும் வேகத்தையும் நேரத்தையும் பதியும் கறுப்புப் பெட்டியைக் காரிற் பொருத்த உடன்படலாம். அநுபவமுள்ள மாமனையோ சித்தப்பாவையோ இரண்டாவது சாரதியாக, அவர் மெய்யாகவே ஓட்டுவாராயின், சேர்க்கலாம். மாதத் தவணையிற் செலுத்தினால் வட்டியும் சேரும் ஆதலால், இயன்றவர் ஆண்டுக் கட்டணத்தை ஒரே முறையிற் செலுத்தலாம்.

நேர்மையற்ற வழி ஒன்றும் உண்டு. அன்றாடம் மகன் ஓட்டும் காரைத் தந்தையார் ஓட்டுவதாக எழுதிக் காப்புறுதி செய்தலே அது. பாசத்தினால் இதற்கு இணங்கும் பெற்றோர் அதன் விளைவை எண்ணுவதில்லை. அந்நாட்டுச் சட்டத்தில் இது மோசடி. உண்மை வெளிப்பட்டால் பத்திரம் செல்லாததாகலாம். காப்புறுதியின்றி ஓட்டிய குற்றமும் மகன்மீது விழலாம். அக்குற்றத்துக்கு 300 பவுண் தண்டத்தோடு 6 குற்றப் புள்ளிகளும் உண்டு. 1995ஆம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டப்படி, அனுமதி பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரமே பறிபோகும். மீண்டும் பரீட்சை எழுதவேண்டும். ஒரு கையொப்பத்தின் விலை அவ்வளவு.

இறுதியாக ஒரு சொல்

கொம்பனி நியாயமின்றி நட்டஈட்டை மறுத்தால், மனஞ்சோர வேண்டுவதில்லை. முதலிற் கொம்பனியின் மேலிடத்துக்கே எழுத்தில் முறையிடுக. அங்கே தீராவிடிற் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் செல்லலாம். ஆதலின் பத்திரம், பற்றுச்சீட்டு, கடிதங்கள் யாவற்றையும் ஒரு கோவையில் ஒழுங்காக வைத்திருத்தல் வேண்டும். விபத்து நேர்ந்தால், வாகனத்தை நகர்த்துமுன் கொம்பனிக்கும் பொலிசாருக்கும் அறிவித்தலும் அவசியம்.

மாணவ நேயர்களுக்கு ஒன்று கூறுவோம். காப்புறுதிப் பத்திரத்தை உங்கள் தந்தையார் வாசிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நீங்களே ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, முதற் பக்கந் தொட்டு இறுதிப் பக்கம் வரை வாசியுங்கள். விளங்காதவற்றைக் குறித்துக்கொண்டு கொம்பனி முகவரிடம் கேளுங்கள். பெற்றோருக்கும் ஒன்று கூறுவோம். கட்டணத்தின் ஒரு பங்கையாவது பிள்ளையே உழைத்துச் செலுத்துமாறு செய்யுங்கள். தன் பணம் சென்ற காரைப் பிள்ளை நிதானமாகவே ஓட்டும். நிதானமாக ஓட்டிய ஐந்தாண்டு கழிந்தபின், குறைந்த கட்டணத்தை அவன் தேடிச் செல்லவேண்டியதில்லை. அது அவனைத் தேடிவரும்.