ஈசிஜி நார்மல், அப்புறம்?

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. கை கால் மரத்துப்போகிறது, மூச்சு முட்டுகிறது, உயிர் போய்விடும் என்றே தோன்றுகிறது. நள்ளிரவில் அலறியடித்துக்கொண்டு கேஷுவாலிட்டிக்கு ஓடினால் ஈசிஜி நார்மல். ‘கேஸ் டிரபிளா இருக்கும், ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க’ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். திரும்பும் ஆட்டோவில் உடன் வந்தவர்களுக்கு நிம்மதி. செலவை நினைத்துக் கொஞ்சம் எரிச்சலும். நோயாளிக்கோ, மறுபடி எப்போது வருமோ என்ற பயம் அந்த ஆட்டோவிலேயே தொடங்கிவிடுகிறது.

இது பெரும்பாலும் பேனிக் அட்டாக். ஆபத்தே இல்லாத நேரத்தில், ஆபத்து வந்துவிட்டதாக உடம்பு கிளப்பும் கலவரம். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பொதுவாக அரை மணிக்குள் அடங்கிவிடும். முதல் முறை வரும்போது இதயத்தைச் சோதிக்கத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ‘இதயம் நன்றாக இருக்கிறது, இது பதற்ற நோயாக இருக்கலாம், இதற்கு வைத்தியம் உண்டு’ என்று யாரும் எடுத்துச் சொல்லாததுதான் தவறு. சொல்லியிருந்தால் எக்கோ, டிஎம்டி, எண்டோஸ்கோப்பி என்று ஃபைல் தடித்துக்கொண்டே போகாது. 2019-ல் உலகில் சுமார் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சை கிடைப்பது அவர்களில் நான்கில் ஒருவருக்கு.

வீட்டில் நடப்பதையும் பார்க்க வேண்டும். பஸ்ஸில் அட்டாக் வந்தவர் பஸ் ஏறுவதை நிறுத்துகிறார். பிறகு ரேஷன் கடை வரிசை, பிறகு கல்யாண மண்டபம். ‘நீங்க இருங்க, நான் போயிட்டு வரேன்’ என்று மனைவி பையை வாங்கிக்கொள்கிறார். பாசத்தில் செய்வதுதான், ஆனால், ஒதுங்க ஒதுங்கப் பயம் பெருகும். சில வீடுகளில் இதற்கு நேர்மாறு: ‘மூணு வேளை சோறு, தலைக்கு மேல கூரை, உனக்கென்ன குறை?’ குறை இருந்தால்தான் வரும் என்று யார் சொன்னது?

மனைவி அவரோடு சேர்ந்து பஸ் ஏறலாம். ஒரே ஒரு ஸ்டாப். படபடப்பு வரும். இறங்கச் சொல்லாமல், புத்தி சொல்லாமல், அது தானாகத் தணியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டு ஸ்டாப். மனநல ஆலோசகர்கள் பழக்கித் தரும் சிகிச்சையில் பெரும் பகுதி இதுதான். அவர்கள் சொல்லும் வேகத்தில் செய்தால் போதும். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு; ஆனால், தூக்கம் வர வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் தானாகக் கேட்டு வாங்குவது அந்த மருந்தல்ல.

வீட்டார் எவ்வளவு அன்பாக இருந்தாலும், பட்டவரிடம் பேசுவதில் தனி ஆறுதல் இருக்கிறது. சிகாகோவில் 1937-லேயே ஆபிரகாம் லோ என்ற மனநல மருத்துவர், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களைக் கூட்டி உட்காரவைத்தார். பின்னாளில் அவர்களே நடத்தும் அமைப்பாக அது வளர்ந்தது. நம்மூரில் குடியை விட நினைப்பவருக்கு ஏ.ஏ. கூட்டம் இருக்கிறது. ‘எனக்கும் லிஃப்ட்டுல அப்படித்தான் ஆச்சு’ என்று பதற்ற நோயாளியிடம் சொல்ல ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். 2022-ல் வந்த இந்த இலவச அரசு மனநல ஆலோசனைச் சேவை நல்ல ஏற்பாடு. ஆனால், தொலைபேசி பஸ்ஸில் கூட ஏறி வராது. கோவாவில், மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்ல வைத்தார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், இந்த ஆலோசனை கிடைக்காதவர்களைவிடக் கிடைத்தவர்களில் கூடுதலானோர் தேறினார்கள் என்று விக்ரம் படேல் குழுவின் ஆய்வு 2010-ல் காட்டியது.

நம்மிடம் அதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை பார்க்க வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம். முதலில் ஒரு மாவட்டத்தில் தொடங்கட்டும். ஆனால் ஒன்று, இதைச் சும்மா அவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. இப்போது வாங்கும் ஊக்கத்தொகை, இப்போது செய்யும் வேலைக்கே காணாது.