விஷவாயு யாரையும் "தாக்குவதில்லை"

"விஷவாயு தாக்கி தொழிலாளர்கள் பலி." இந்தச் செய்தியை நீங்களும் எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. 2022 ஏப்ரலில் நம்ம மதுரையிலேயே வந்தது. நேரு நகரில் மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டாரைப் பழுது பார்க்கப் போன மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் உள்ளே விழ, காப்பாற்றப் போன இருவரும் மேலே வரவில்லை.

வாயு எங்கிருந்தோ வந்து "தாக்கியது" என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் அந்த வாயு இருக்கும் என்பது முன்பே தெரியும். உடம்புக்குள் போய் அது என்ன செய்யும் என்பதும் தெரியும். தெரிந்தும் அளந்து பார்க்காமல் ஆளை இறக்குவதற்கு விபத்து என்று பெயர் வைக்கலாமா?

பத்தாம் வகுப்பு அறிவியலைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணறைகள். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம். ஆக்சிஜனை எந்த பம்ப்பும் ரத்தத்துக்குள் தள்ளுவதில்லை. அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அதுவே பரவுகிறது. வெளிக்காற்றில் 21 சதவீதம் இருப்பதால் உள்ளே போகிறது. மூடிக்கிடந்த தொட்டியில் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டால்? அதே விதி திரும்பி வேலை செய்யும். ரத்தத்தில் மிச்சம் இருக்கிற ஆக்சிஜன் வெளியே வரும். ஒவ்வொரு மூச்சும் நம்மிடமிருந்தே பறிக்கும்.

"மூச்சு முட்டினா ஏறி வந்துடலாமே?" என்று கேட்கலாம். மூச்சுத் திணறலை முக்கியமாக உண்டாக்குவது ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான். அது மூச்சோடு வெளியேறிக்கொண்டிருந்தால், திணறல் தெரியாமலே மயக்கம் வந்துவிடும்.

ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். ஆக்சிஜன் போகும் அதே பாதைதான்: நுண்ணறை, ரத்தம், இதயம், மூளை. சில நொடிகள் போதும். செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே அது முடக்கும்; ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் பயனில்லை. அழுகின முட்டை நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீங்க. சுமார் 100 பிபிஎம் தாண்டினால் மோப்பமே மரத்துப்போகும். முகத்தில் கட்டும் துண்டு தூசியை நிறுத்தலாம், வாயுவை நிறுத்தாது.

காப்பாற்ற இறங்குபவருக்கும் இதே கதிதான். அதனால் எங்கேயாவது பார்க்க நேர்ந்தால் இறங்காதீங்க, யாரையும் இறங்க விடாதீங்க. 112-க்குக் கூப்பிட்டு, உள்ளே வாயு இருக்கு என்று சொல்லுங்க. பழைய கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம்ம ஊர்ப்பக்கம் உண்டு. அது ஆக்சிஜன் இருக்கா என்று மட்டும்தான் சொல்லும். மீத்தேன் நிற்கும் தொட்டியில் அதைச் செய்தால் வெடிக்கும்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் செத்த பிறகு வருகிறது. வாயு அளக்கும் கருவி, காற்று செலுத்தும் ப்ளோயர், மேலிருந்தே இழுக்கக்கூடிய முக்காலியும் இடுப்புப் பட்டையும் இறங்கும் முன்பே வேண்டும்.

இதில் நமக்கும் வேலை இருக்கு. தண்டவாளம் போன்ற வழிகாட்டிக் கம்பிகளில் பொருத்திய மோட்டாரை, ஆள் இறங்காமலே சங்கிலியால் மேலே தூக்கிவிடலாம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள வடிவமைப்புதான். 2015-ல் கோழிக்கோட்டில் சாக்கடையில் மாட்டிய இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார். அதே கேரளாவில் குட்டிப்புரம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் தொடங்கிய ஜென்ரோபோடிக்ஸ், 2018-ல் 'பாண்டிகூட்' ரோபோவைக் கொண்டுவந்தது. பெருச்சாளி என்று அர்த்தம். சாக்கடைக்குள் மனுஷனுக்குப் பதில் அது இறங்கும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறீங்களா? உங்க ஹாஸ்டல் கழிவுநீர்த் தொட்டியை யார் சுத்தம் பண்றாங்க, எப்படிப் பண்றாங்க என்று முதலில் போய் விசாரிங்க.