அடித்தால்தான் படியுமா?

“அடியாத மாடு படியாது” என்பது பழமொழி. மாட்டுக்குச் சொன்ன இந்தப் பழமொழியை நாய்க்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் இன்றும் பலர் உள்ளனர். வீட்டில் வளரும் குட்டி டெரியர் இனத்தைச் சேர்ந்ததாக இருந்துவிட்டால் இந்தப் பழமொழி இன்னும் அடிக்கடி நினைவுக்கு வரும். பெயர் சொல்லி அழைத்தால் அது திரும்பிப் பார்ப்பதில்லை. உட்காரச் சொன்னால் ஒரு கணம் உட்காரும். அடுத்த கணமே மைனாவைத் துரத்தும். உணவுக் கிண்ணத்தை வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு, வாசலில் கேட்ட காலடி ஓசையைத் தேடிப் போய்விடும். “இது அடங்காத நாய், எதுவும் மண்டையில் ஏறாது” என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர்.

இந்த முடிவு தவறானது. கவனம் சிதறுவது டெரியர் குட்டியின் குறையன்று. அது அதன் பிறவிக் குணம். அளந்து கொடுக்கும் உணவையும் சில நிமிடப் பயிற்சியையும் ஒன்றாக இணைத்தால், கை ஓங்காமலேயே அதைப் பழக்கலாம்.

டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் விலங்குகளைத் தேடிச் செல்வதற்காகவே இந்த நாய்கள் வளர்க்கப்பட்டன. பலரும் அறிந்த ஜேக் ரசல் டெரியரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் வாழ்ந்த பாதிரியார் ஜான் ரசலின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அவர் 1819ஆம் ஆண்டில், ஆக்ஸ்ஃபர்டில் மாணவராக இருந்தபோது, டிரம்ப் என்ற பெண் டெரியரை வாங்கினார் என்றும் அதன் வழியிலேயே இந்த இனம் உருவானது என்றும் கூறுவர். நரி வளைக்குள் ஓடி ஒளிந்துகொண்டால், இந்தச் சிறிய நாய் அதனைப் பின்தொடர்ந்து உள்ளே நுழையும். குரைத்து நரியை வெளியே விரட்டும். வளைக்குள் இருட்டில் எசமானரின் கட்டளை கேட்காது. என்ன செய்வது என்பதை நாயே முடிவு செய்ய வேண்டும். சிறு வாசனையையும் சருகின் சலசலப்பையும் தவறவிடாத நாயே நல்ல நாய் என்று போற்றப்பட்டது. அத்தகைய நாய்களையே தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள்.

அந்த நாயின் வாரிசுதான் இன்று அடுக்குமாடி வீட்டில் வளர்கிறது. சிங்கப்பூரில் வீவக வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட சிறிய இனங்களில் பல வகை டெரியர்கள் உள்ளன. அவற்றுக்கு இங்கே நரி இல்லை. ஆனால், புல்தரையில் மைனா உண்டு; மரத்தில் அணில் உண்டு; கீழ்த்தளத்தில் பூனை உண்டு; நடைபாதையோரம் யாரோ வீசிய கோழி எலும்பு உண்டு; திறந்து மூடும் மின்தூக்கி உண்டு. மனித மூக்கைவிட நாயின் மூக்கு பன்மடங்கு கூர்மையானது. மனிதருக்கு வெறும் புல்தரையாகத் தெரியும் இடம் அதற்குச் செய்திகள் நிறைந்த நாளிதழ் போன்றது. அந்த நாளிதழை முதன்முதலாகப் பிரித்துப் பார்க்கும் குட்டியிடம், அதைக் கீழே வைத்துவிட்டு உடனே வா என்றால் அது எப்படி வரும்?

எனவே, பயிற்சியைத் தொடங்க வேண்டிய இடம் பூங்கா அன்று. வீட்டின் அமைதியான ஓர் அறை. குட்டியின் பெயரைச் சொன்னதும் அது திரும்பிப் பார்த்தால் உடனே ஓர் உணவுத் துண்டு கொடுக்க வேண்டும். இப்படி ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்தால் போதும். அறையில் பழகியதை அடுத்து வீட்டு வாசலில் செய்யலாம், பிறகு கீழ்த்தளத்தில், அதன் பிறகே பூங்காவில். ஒவ்வோர் இடமும் குட்டிக்குப் புதிய வகுப்பு. கீழ்வகுப்பில் தேறாத மாணவரை மேல்வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பாடம் புரியவில்லை என்று கண்டிப்பதில் பொருளில்லை.

இதில் காலம் மிக முக்கியம். நாய் சரியாகச் செய்த ஓரிரு நொடிக்குள் வெகுமதி அதன் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும். குட்டி உட்காருகிறது, உரிமையாளர் சட்டைப்பையைத் துழாவுகிறார், அதற்குள் குட்டி எழுந்து நிற்கிறது, அப்போது உணவு கிடைக்கிறது. இதிலிருந்து குட்டி கற்றுக்கொள்வது என்ன? எழுந்து நின்றால் உணவு கிடைக்கும் என்பதைத்தான். ஒரு கையில் நாயின் கயிற்றையும் மறு கையில் கைப்பேசியையும் பிடித்துக்கொண்டு நடப்பவர்களை எங்கும் பார்க்கலாம். குட்டி தானாகவே நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்க்கும் பொன்னான கணங்களை அவர்கள் கவனிப்பதே இல்லை. கவனம் சிதறியது யாருக்கு என்ற கேள்வியை அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடிப்பதால் வரும் தீமையும் இங்கேதான் விளங்கும். பத்து முறை அழைத்தும் வராத குட்டி பதினோராவது முறை வருகிறது. கோபம் கொண்ட உரிமையாளர் அதனை அடிக்கிறார். பத்து முறை வராததற்குத்தான் அடித்தேன் என்பது அவர் எண்ணம். ஆனால், குட்டிக்கோ அருகில் வந்ததும் அடி விழுந்தது என்பது மட்டுமே தெரியும். அடுத்த முறை அது இன்னும் தாமதமாக வரும். அல்லது வராமலே போகும். அடி, எதைச் செய்யக்கூடாது என்பதை வேண்டுமானால் உணர்த்தலாம். எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கற்றுத்தராது. பயந்த நாய் ஒரு நாள் கடிக்கவும் கூடும்.

“உணவைக் காட்டிப் பழக்குவது இலஞ்சம் கொடுப்பதைப் போன்றதுதானே? உணவு இல்லாவிட்டால் அது கேட்குமா?” என்று சிலர் வினவுகின்றனர். இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. உணவை முன்னே நீட்டிக் காட்டி நாயை இழுப்பவர், உணவு இருக்கும்போது மட்டும் கேட்கும் நாயையே உருவாக்குவார். ஆனால், வேலை முடிந்தபின் தருவது கூலி, இலஞ்சமன்று. குட்டி பழகப் பழக, ஒவ்வொரு முறையும் உணவு தர வேண்டியதில்லை. சில முறை பாராட்டுச் சொல், சில முறை ஒரு பந்து, சில முறை சிறிது ஓட்டம் எனக் கூலியை மாற்றிக்கொள்ளலாம்.

வெகுமதி கொடுத்தே குட்டி பருத்துவிடும் என்ற அச்சமும் உண்டு. அதற்கு எளிய வழி இருக்கிறது. ஒரு நாளைக்கு உரிய உணவைக் காலையிலேயே அளந்து எடுத்துவைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பகுதியைப் பயிற்சிக்கு ஒதுக்கி, மீதியை மட்டும் கிண்ணத்தில் இட வேண்டும். தனியாக வாங்கும் தின்பண்டங்கள் அன்றைய உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. குட்டியின் விலா எலும்புகளைக் கையால் தடவினால் உணர முடிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். அப்படி இருந்தால் அளவு சரி என்று கொள்ளலாம்.

பலர் வீட்டில் கிண்ணம் நாள் முழுவதும் நிரம்பியே இருக்கிறது. அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால், எந்நேரமும் உணவு கிடைக்கும் குட்டிக்கு உணவின் அருமை தெரியாது. பயிற்சியில் நாட்டமும் இருக்காது. அது சாப்பிட்டதா, பசியின்றி நோயுற்றிருக்கிறதா என்பதும் வீட்டாருக்குத் தெரியாமல் போகும். இளங்குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், ஆறு மாதத்திற்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு வேளை உணவும் போதும். கிண்ணத்தை வைத்துக் கால்மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். கவனம் சிதறும் குட்டிக்கு அமைதியான மூலையில் உணவு வைப்பது நல்லது. சில வேளைகளில் உணவை ஒரு பழைய துண்டின் மடிப்புகளில் மறைத்துக் கொடுக்கலாம். மண்ணைத் தோண்டித் தேடப் பிறந்த மூக்குக்கு அது நல்ல வேலை. பத்து நிமிடம் தேடித் தின்ற குட்டி, பிறகு நிம்மதியாகத் தூங்கும்.

“அந்தக் காலத்தில் வீட்டில் மிஞ்சிய சோறும் குழம்பும்தானே நாய்க்குப் போட்டோம்?” என்பது பெரியவர்களின் கேள்வி. அந்த அன்பைக் குறை சொல்ல முடியாது. ஆயினும், குழம்பில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சாக்லேட்டும், சைலிட்டால் என்ற இனிப்பு கலந்த சூயிங் கம்மும் நஞ்சாகும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம். வளர்ந்த ஜேக் ரசலே ஏறக்குறைய ஆறு கிலோகிராம் எடைதான் இருக்கும். குட்டியின் எடை அதிலும் குறைவு. இவ்வளவு சிறிய உடலுக்குச் சிறிதளவு நஞ்சே பெரிது. தீபாவளிப் பலகாரத் தட்டை உயரத்தில் வைப்பதும் விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் குட்டியின் மீதுள்ள அன்பின் அடையாளங்களே.

வீட்டில் உள்ள அனைவரும் ஒரே வழியில் நடக்க வேண்டியதும் அவசியம். அப்பா “வா” என்கிறார். அம்மா “இங்கே வா” என்கிறார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். ஒருவர் நாற்காலியில் ஏறாதே என்று இறக்கிவிடுகிறார். மற்றொருவர் மடியில் தூக்கிவைத்து ஊட்டுகிறார். பல ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பல பாடங்களை நடத்தினால் மாணவர் எதைக் கற்பார்? பயன்படுத்தும் சொற்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பது நல்ல வழி.

இவையெல்லாம் அற்பமான செய்திகளாகத் தோன்றலாம். ஆனால், இவற்றைப் புறக்கணிப்பதன் விலையைக் கொடுப்பது குட்டிதான். ஏறக்குறைய ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். கற்றதையெல்லாம் மறந்துவிட்டதைப் போல அது நடந்துகொள்ளும். குட்டியாக இருந்தபோது இருந்த அழகும் அப்போது குறைந்திருக்கும். குரைப்புச் சத்தம் கேட்டு அண்டைவீட்டார் முறையிடுவர். இந்தக் கட்டத்தில்தான் சிலர் மனம் தளர்ந்து நாயைக் கைவிடத் துணிகின்றனர். நாயைக் கைவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். அதைவிட, நம்பி வந்த உயிருக்குச் செய்யும் துரோகம் அது.

எல்லாக் குடும்பங்களும் டெரியர் வளர்க்க ஏற்றவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் குடும்பத்திற்கு, ஓடவும் தோண்டவும் துடிக்கும் இந்த நாய் பொருந்தாது. அதனை உணர்ந்து வாங்காமல் இருப்பதும் ஒரு வகையில் கருணையே. நன்கு பழகிய டெரியரும் அணிலைக் கண்டால் ஓடத்தான் பார்க்கும். ஆகவே, பூங்காவில் கயிற்றைக் கழற்றாமல் இருப்பதே பாதுகாப்பு. பயிற்சியின் நோக்கம் அதன் இயல்பை அழிப்பதன்று. அந்த இயல்போடு அது மனிதரிடையே பாதுகாப்பாக வாழ வழிசெய்வதே.

குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும்போது, பெற்றோர் விலையையும் நிறத்தையும் பற்றிப் பேசுவதற்குமுன் வேறொன்றைப் பேச வேண்டும். உணவை அளப்பவர் யார்? காலையில் ஐந்து நிமிடமும் மாலையில் ஐந்து நிமிடமும் பயிற்சி தருபவர் யார்? தேர்வுக் காலத்திலும் மழைநாளிலும் அதனை வெளியே அழைத்துச் செல்பவர் யார்? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான விடை உள்ள வீட்டில், எந்த டெரியரும் பிரம்பின்றியே படியும். விடை இல்லாத வீட்டில், பிரம்பு இருந்தும் பயனில்லை.