அடுத்தவர் கடிதத்தில் கை வைக்காதே!

தோட்டத்து மக்களே!

பால்மரக் காலத்தில் தபால் என்றால் தோட்ட ஆபீஸ்தான். பல தோட்டங்களில் தபால்காரர் லயத்துக்கு வந்ததில்லை. மொத்தமாக ஆபீசில் இறங்கும். கிராணி பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒன்றிரண்டு காணாமல் போனால், "போனால் போகட்டும்" என்று இருந்துவிட்டோம்.

இன்று ஈப்போ, சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தோட்ட ஆபீஸ் போய்விட்டது; பழைய முகவரி மட்டும் நம்மோடு இருக்கிறது. கடிதங்கள் கடை மேசையிலோ கோயில் திண்ணையிலோ கிடந்தால், யார் எடுத்தார், யார் பிரித்தார் என்று யாருக்குத் தெரியும்?

இது விளையாட்டல்ல. அஞ்சல் துறை மாநில அரசின் கையில் இல்லை. அரசியலமைப்புப்படி அது கூட்டரசின் பொறுப்பு. பேராக்குக்கு ஒன்று, சிலாங்கூருக்கு ஒன்று என்று தனித்தனிச் சட்டம் கிடையாது. 2012-ஆம் ஆண்டின் அஞ்சல் சேவைச் சட்டம் நாட்டுக்கே பொது. திருட்டு எண்ணத்தோடு கடிதத்தை எடுத்தவர் மீது குற்றவியல் சட்டத்தின் 379-ஆவது பிரிவும் பாயும். 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே!

"வெறும் தாள்தானே" என்று சொல்லாதீர்கள். சேமநிதி, சொக்சோ பணம், பிள்ளையின் மேற்படிப்பு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், எல்லாம் அந்தத் தாளில்தான் வரும். இன்னொன்றையும் கேளுங்கள். தபாலில் நோட்டீஸ் அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கும் காரியங்களில், சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாலே அது சேர்ந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்கு வரலையே" என்றால், அதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில்தான்!

ஆகவே, வீடு மாறியவர்கள் சேமநிதி, சொக்சோ, பதிவிலாகா எல்லாவற்றிலும் முகவரியை மாற்றுங்கள். ஒரே இடத்தில் கடிதம் இறங்கும் குடியிருப்பில், பூட்டுள்ள பெட்டியும் கையெழுத்துப் புத்தகமும் வையுங்கள். கடிதம் திருடு போனது தெரிந்தால் போலீசில் புகார் செய்து, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் கைக்கு வரவில்லை என்று பிறகு சொல்ல நேர்ந்தால், அந்த நகல்தான் நமக்குப் பேசும்.

பக்கத்து வீட்டுக் கடிதம் தவறி நம் கைக்கு வந்தால், பிரிக்காமல் அன்றைக்கே கொடுத்துவிடுவோம். அந்த உறைக்குள் ஒரு குடும்பத்தின் கூரையே இருக்கலாம்.