கோளாறு ஆளில் இல்லை

யு.எக்ஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பயனர் அனுபவ வடிவமைப்பு வேலைக்கு நம்ம பிள்ளைகள் விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். செல்போன் செயலி, ஏ.டி.எம். திரை போன்றவை மனிதருக்கு விளங்கும்படி இருக்கிறதா என்று பார்த்து அமைக்கிற வேலை இது. தனியார் கம்பெனி, இடஒதுக்கீடு கிடையாது. உள்ளே போக நேர்காணல் ஒன்றுதான் வாசல். அந்த வாசலைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

'இங்கிலீஷ் சரளமா வரல, டிசைன் காலேஜ்ல படிக்கல' என்று நம் மாணவர்கள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் தானாக முளைத்ததல்ல, ஊட்டப்பட்டது. 1993இல் ஆப்பிள் கம்பெனியில் 'பயனர் அனுபவம்' என்பதைத் தன் பதவிப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டவர் டான் நார்மன். 1988இல் வந்த தன் புத்தகத்தில் அவர் வாதிட்டது இதுதான்: கதவைத் திறக்கத் தெரியாமல் ஒருவர் திணறினால் கோளாறு அவரிடம் இல்லை, கதவைச் செய்த விதத்தில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள் தோழர்களே. 'அவனுக்குத் தகுதி பத்தாது' என்று ஆள்மேல் பழி போடுகிறவர்களிடம், கோளாறு அமைப்பில்தான் என்று நாம் எத்தனை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம்!

வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவன் நான். பணம் எடுக்கிற சீட்டைப் பின்னால் நிற்பவரிடம் நீட்டி, 'எழுதிக் குடு கண்ணு' என்று கேட்கிற பாட்டிகளைப் பார்க்கிறேன். கணக்கு நம்பரும் தொகையும் முன்பின் தெரியாதவருக்குத் தெரிந்துபோகிறது. இதைப் 'படிக்காததுங்க' என்று ஒதுக்குகிறவர் வடிவமைப்பாளரே அல்ல. அந்தச் சீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவரே வடிவமைப்பாளர்.

ஆனால் பட்ட அனுபவம் மட்டும் வேலை வாங்கித் தராது. அதைச் சான்றாக மாற்ற வேண்டும். யார் சிரமப்பட்டார்கள், எத்தனை பேரிடம் பேசினீர்கள், என்ன வரைந்தீர்கள், எதைத் தூக்கிப் போட்டீர்கள், ஏன், திரும்பச் சோதித்தபோது என்ன மாறியது? இந்த வரிசையில் இரண்டு மூன்று வேலைகளைப் போர்ட்ஃபோலியோவாக அடுக்குங்கள், போதும். சாதிச் சான்றிதழுக்கான இணைய விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். சம்மதம் கேட்டு ஐந்து பேரை உட்காரவையுங்கள். நடுவில் சொல்லிக் கொடுக்காமல், விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் காகிதத்தில் வரையுங்கள், பிறகு ஃபிக்மாவில். அதன் இலவசக் கணக்கே தொடங்கப் போதும். ஜேக்கப் நீல்சன் 1994இல் வகுத்த 10 விதிகளை வைத்து அந்தத் திரையை விமர்சித்துப் பாருங்கள். பயன்படுத்துகிறவரின் மொழியில் பேசு என்பதும், பிழையை எளிய சொல்லில் சொல் என்பதும் அவற்றில் உண்டு. நேர்காணலில் ஒரு பிரச்சினையைக் கொடுத்து, பலகையில் வரையச் சொல்வார்கள். உடனே கோடு போடாதீர்கள். 'இது யாருக்கு?' என்று முதலில் கேளுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு கேள்வி காத்திருக்கும்: 'அப்பா என்ன பண்றார்?' தகுதி ஒன்றே அளவுகோல் என்று சொல்லிக்கொள்ளும் தனியார் நிறுவன மேலாளர்கள் தேர்வின்போது குடும்பப் பின்னணியையும் பார்க்கிறார்கள் என்பதைச் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார்கள். 'நம்ம கல்ச்சருக்கு ஒத்துவருவாரா' என்பது அதே கேள்விக்குச் சட்டை மாட்டிவிட்டது. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை உங்கள் வேலைக்குத் திருப்புங்கள். இதில் வெட்கப்பட வேண்டியவர் கேட்டவர்தான்.

தனிமனித சாமர்த்தியத்தால் மட்டும் இந்த வாசல் அகலமாகிவிடாது. விண்ணப்பித்தவர் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், எழுத்தில் மதிப்பெண், நிராகரித்தால் காரணம் என்று நாம் கோர வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.க்கு மாதிரித் தேர்வு வைக்கிற நம் இரவுப் பாடசாலைகள் இதற்கும் மாதிரி நேர்காணல் வைக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே போய்விட்ட தோழர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குத் தர வேண்டும். நாற்காலியின் அந்தப் பக்கத்திலும் நம்மாள் உட்கார வேண்டாமா?