காப்புறுதிக் காசைக் குறைக்கலாம், பொய் சொல்லாமல்



ஸ்காபரோவில் இன்று காலை கார்க் கண்ணாடியில் உறைபனி. ரயர் மாற்றும் காலம் வந்துவிட்டது. கார்க் காப்புறுதியை எப்படிக் குறைப்பது என்று பலர் கேட்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

போன வருடம் நவம்பரில் உறவுக்காரப் பையன் ஒருவன் முதல் கார் வாங்கினான். காப்புறுதிக்குக் கேட்ட தொகையைப் பார்த்து வாயடைத்துப் போனான். "மாமா, காரை உங்கட பேரில எடுப்பம். நீங்கள்தான் ஓடுறது எண்டு சொன்னால் பாதிக் காசுதான்" என்றான். நான் மாட்டேன் என்றேன். அவனுடைய தாய், என் தங்கை, இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

எனக்கு ஒன்றும் கல்மனசு இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் பொய் சொன்னது விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம், காப்புறுதியையே ரத்துச் செய்யலாம். அப்படி ரத்தானவருக்கு அடுத்த காப்புறுதி இன்னும் விலை. சின்ன நகரத்தில் இருக்கும் சித்தப்பாவின் முகவரியைக் கொடுப்பவர்களுக்கும் இதே கதைதான். மாதாமாதம் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

பிறகு அவனை மேசையில் இருத்திக் கணக்குப் போட்டேன்.

முதலாவது, குளிர்கால ரயர். ஏழு பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் சாதாரண ரயரின் றப்பர் இறுகி, வீதியில் பிடிப்புக் குறையும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல் இங்குள்ள நிறுவனங்கள் அதற்குக் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். நாலு ரயரும் போட்டு, பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது, வருடாவருடம் புதுப்பிக்க முன் இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். வீட்டுக் காப்புறுதியையும் ஒரே இடத்தில் எடுத்தால் கழிவுண்டு. ஓடும் தூரம் குறைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். விபத்தில் நாங்கள் கையால் கட்டும் பங்கை 500 டொலரிலிருந்து 1,000 ஆக உயர்த்தினாலும் கட்டணம் இறங்கும். அந்த ஆயிரம் வங்கியில் இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

மூன்றாவது, குறைக்கக்கூடாத இடம். மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு சட்டப்படி குறைந்தது 200,000 டொலர். ஒருவர் படுகாயப்பட்டு வழக்கு வந்தால் அது எந்த மூலைக்கு? அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக, "ஐஸில வழுக்கினது, நான் என்ன செய்யிறது?" என்பது இங்கே செல்லாது. யார் பிழை என்று தீர்மானிக்கும் ஒன்ராறியோ விதிகளில் காலநிலைக்கும் வீதியின் நிலைக்கும் இடமில்லை. முன்னால் போகும் காரின் பின்னால் இடித்தால், பனியோ வெயிலோ, பிழை இடித்தவருடையதுதான். அந்த ஒரு பிழை பல வருடங்களுக்குக் கட்டணத்தை ஏற்றி வைத்திருக்கும். ஆகவே பத்து நிமிடம் முந்தி வெளிக்கிட்டு, இடைவெளி விட்டு, மெதுவாக ஓடுவதைவிடப் பெரிய கழிவு எந்த நிறுவனத்திடமும் இல்லை.

அவனுக்குக் கட்டணம் பாதியாகவில்லை. ஆனால் குறைந்தது, அவனுடைய பெயரிலேயே. இனி வருடங்கள் போகப் போக நல்ல ஓட்டுநர் என்ற பதிவும் அவனுக்கே சேரும். என் பெயரில் எடுத்திருந்தால் அது எனக்கல்லவா சேர்ந்திருக்கும்?

தைப்பொங்கலுக்குத் தங்கை பொங்கலோடு வந்தாள். அந்தக் கதையை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கவனமாக ஓடுங்கள், பிள்ளைகள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்