ஜீப்பு வண்டியை உயர்த்தலாமா?

மலைநாட்டு விவசாயிக்கு ஜீப்பு வண்டி ஆடம்பரப் பொருளன்று. ஏரையும் ஏற்றத்தையும் போன்று அதுவும் ஒரு தொழிற் கருவியே. போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டு செல்வது அது. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மிளகையும் காப்பியையும் அன்னாசியையும் சந்தைக்கு இறக்குவதும் அத்தகைய வண்டிகளே. மழைக்காலத்தில் தோட்டப் பாதை குழிந்து கல் துருத்தி நிற்கும்போது, வண்டியின் அடிப்பாகம் தட்டுகிறது, சைலன்சர் நசுங்குகிறது. உடனே, "வண்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கட்டிவிடுங்கள்" என்று யோசனை சொல்வாரும், அதனை மலிவாகச் செய்து தருவதாகக் கூறுவாரும் முன்வருகின்றனர்.

இவ்வழக்கம் இளைஞரிடையே பரவி வருகிறது. உயர்ந்து நிற்கும் வண்டி காண்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், நாள்தோறும் மனிதரையும் விளைபொருளையும் சுமக்கும் வண்டிக்கு, மிக மலிவான உயரம் அது இழந்துவிட்ட உயரத்தை மீட்பதுதான் என்பதே என் கருத்து. அதன் காரணங்களை உறுப்பினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலாவதாக, உயர்த்துவதால் எது உயர்கிறது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். பழைய ஜீப்பு வகைகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது அச்சின் நடுவேயுள்ள டிஃபரன்ஷியல் கூடு. அச்சோ சக்கரங்களின் மீது நிற்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சுக்கு மேலுள்ள உடல்தான் உயருமேயன்றி, அந்தக் கூடு ஒரு மயிரிழையும் உயராது. அதனை உயர்த்தவல்லது டயர் ஒன்றே. அதுவும் விட்டத்தின் வளர்ச்சியிற் பாதியளவே. பொலேரோ வண்டியின் 215/75 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் 733 ஆகும். விட்டத்தில் 30 மில்லிமீட்டர் கூடியும் அச்சுக்குக் கிடைப்பது 15 மில்லிமீட்டரே. நடுக்கல்லில் கூடு இடிப்பதுதான் ஒருவருடைய குறையானால், ஸ்பிரிங்கை உயர்த்தச் செலவிடும் பணம் அவருக்குப் பயன்படாது. சட்டமோ படியோ சைலன்சரோ இடித்தால் மட்டுமே அச்செலவுக்குப் பொருளுண்டு.

இனி, மலிவான வழிகள் எவையென்று பார்ப்போம். பட்டையின் நுனியிலுள்ள ஷேக்கிளை நீளமாக மாற்றுவது ஒன்று. ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஓர் அங்குலமே உயரும். முன்புறத்தில் இதனைச் செய்தால் அச்சின் சாய்வு மாறி, ஸ்டியரிங்கின் நிலை கெடும். அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து நீண்ட யூ போல்ட்டால் இறுக்குவது மற்றொன்று. முன் அச்சுக்கு இது கூடவே கூடாது. பிரேக்கை மிதிக்கும்போது கட்டை முறுக்கப்பட்டு நழுவக்கூடும். பின்னச்சிலும் கட்டைமேல் கட்டை அடுக்குதல் ஆபத்தானது. கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது மூன்றாவது வழி. சுமை ஏற்றும் வண்டிக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் ஸ்பிரிங் விறைத்துப் போவதால், பாரம் குறைந்த நாளில் தக்காளியும் வாழையும் கூடையிலேயே அடிபடும். தளர்ந்த பட்டையை வளைத்துத் தரும் பட்டறைகளும் உண்டு. முறையாகப் பதமிடாமல் வளைத்த இரும்பு சில திங்களில் மீண்டும் படிந்துவிடும்.

இவற்றின் கூலி குறைவுதான். ஆனால் கணக்கு அத்துடன் முடிவதில்லை. உடல் உயர்ந்தால் ஷாக் அப்சார்பர் தன் நீளத்தின் எல்லையை எட்டி அறுந்துபோகும். பிரேக் குழாய் விறைத்து இழுபடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மிகுந்து அதன் கிராஸ் விரைவில் தேயும். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருவோரின் கண்ணில் பாயும். சில வண்டிகளில், உடலுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு பின்சக்கரப் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்றுண்டு. உயர்த்திய வண்டியில் அது, பாரம் ஏற்றிய நிலையிலும் வண்டி வெறுமையாக இருப்பதாகக் கொண்டு பிரேக்கின் வலிமையைக் குறைத்துவிடும். மலையிறக்கத்தில் இதன் விளைவு என்னவென்று நான் இயம்ப வேண்டுவதில்லை.

எல்லாவற்றினும் பெரியது கவிழும் அபாயம். சக்கரங்களுக்கிடையே 1,400 மில்லிமீட்டர் அகலமும், தரையிலிருந்து 700 மில்லிமீட்டர் உயரத்தில் எடைமையமும் உள்ள வண்டியொன்றை எண்ணிப் பாருங்கள். அம்மையம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால், கவிழாது நிற்கும் ஆற்றல் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு குறைந்துவிடுகிறது. கூரைமேல் மூட்டைகளை அடுக்கினால் குறைவு இன்னும் மிகும். வளைவில் வரும் வண்டியில் அமர்ந்திருப்போர் நம் வீட்டுப் பிள்ளைகளும் நம்மை நம்பி வந்த தொழிலாளரும் அல்லவா?

சட்டத்தையும் மறக்கலாகாது. உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேரின் காப்புறுதித் தொகையைப் பெறுவதிலும் வழக்கு எழக்கூடும். தேய்ந்த உறுப்பை அதே அளவுள்ள புதிய உறுப்பால் மாற்றுவதற்கோ இத்தடை எதுவுமில்லை.

ஆகவே நான் கூறும் முறை இது. முதலில் சமதரையில் வெறும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் அதன் மேலுள்ள மட்கார்டின் விளிம்பு வரை அளந்து, அதே வகையைச் சேர்ந்த புதிய வண்டியின் அளவோடு ஒப்பிடுங்கள். பல ஆண்டு பாரம் சுமந்த பட்டைகள் படிந்து, ஓட்டுநர் பக்கம் தாழ்ந்திருப்பதைப் பலரும் காண்பர். பாவின் ஒரு புறம் தளர்ந்தால் நெசவாளர் தறியைத் தூக்கி நிறுத்துவதில்லை. பாவையே இழுத்துச் சீராக்குகிறார். அதுபோலப் பட்டைகளையும் புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் தொகுதியாகப் புதுப்பித்தால், இழந்த உயரம் திரும்பும், ஓட்டமும் நேராகும். அடுத்து, உற்பத்தியாளர் அனுமதித்த அளவில் ஆழ்ந்த வெட்டுள்ள நல்ல டயர் வாங்குங்கள். சேற்றில் சிக்கும் வண்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பிடிப்பே. அடிப்பாகத்துக்கு ஒரு காப்புத் தகடும் இருக்கட்டும். இவ்வளவும் செய்தபின்னும் உயரம் போதவில்லையாயின், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி கேட்டறிந்து, ஓர் அங்குல அளவில், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக் குழாய் ஆகிய யாவும் ஒன்றுக்கொன்று இணங்கும் தொகுதியாகவே வாங்க வேண்டும். இன்று ஷேக்கிள், நாளை கட்டை, மறுநாள் ஷாக் அப்சார்பர் என்று துண்டு துண்டாக வாங்குவோர், முடிவில் முழுத் தொகுதியின் விலைக்கு மேலேயே கொடுத்திருப்பர்.

இவ்விடத்தில் சங்கங்களுக்கும் ஒரு கடமை உண்டு. நூலையும் உரத்தையும் கூட்டாக வாங்கும் நாம், பட்டைகளையும் ஷாக் அப்சார்பர்களையும் கூட்டாக வாங்கலாகாதா? ஓர் ஊரில் பத்து உறுப்பினர் ஒரே வகை வண்டி வைத்திருப்பின், தரமான உறுப்புகளை மொத்தமாகப் பேசி வாங்குவதும், ஒரு நல்ல பட்டறையுடன் கூலி ஒப்பந்தம் செய்வதும், அச்செலவுக்குத் தவணைக் கடன் தருவதும் இயலாத செயல்கள் அல்ல. தனித்து நிற்பவர் மலிவான கட்டையை நாடுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. மொத்தப் பணமும் ஒருசேரக் கைக்கு வராமையுமாகும். அந்தக் குறையைத் தீர்ப்பதற்கன்றோ கூட்டுறவு பிறந்தது? வரும் பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இதனை ஆராய்ந்து முடிவு காண வேண்டுகிறேன்.